கடைசி வரிசை

ஜவுளிக்கடைக்காரர் தலைவர் பதவிக்குப் பிளாஸ்டிக் வாளி வியாபாரியின் பெயரை முன்மொழிந்தார். வழிமொழிந்த குரல் கடைசி வரிசையிலிருந்து வந்தது. கடைசி வரிசையில் யாரும் இல்லை.

கைத்தட்டல் ஓயும்வரை வாளி வியாபாரிக்கு அது உறைக்கவில்லை. உறைத்ததும் திரும்பிப் பார்த்தார். முன்வரிசைகளில் உறுப்பினர்கள் வயிற்றின்மேல் கைகோத்து, கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போல உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெள்ளை உறை போட்ட காலி நாற்காலிகள். வேறு ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. வழிமொழிகிறவர் யார் என்று பார்ப்பது இந்த வர்த்தக சபையில் மரியாதைக்குறைவாம். தலைமுறை தலைமுறையாகத் திரும்பாமலே இருந்து பழகிய கழுத்துகள்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். சபை இல்லாவிட்டால் ஊருக்குப் பாலம் இல்லை, தெருவிளக்கு இல்லை, குடிநீர்க் குழாய் இல்லை என்றார். விட்டால் சூரியன் கிழக்கே உதிப்பதும் சபையின் சிபாரிசால்தான் என்பார் போலிருந்தது. எல்லாவற்றுக்கும் கல்வெட்டு உண்டு. குழாயில் தண்ணீர் வராது. கல்வெட்டைத் துடைக்க ஆள் தவறாமல் வருவார்.

பிறகு பெருவெள்ளத்தின் கதை. அது சபையின் மகுடம். கீழே சரக்குக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கியவர்கள் பெண்டு பிள்ளைகளோடு இந்த மாடிப்படி ஏறிவந்து இந்தக் கதவைத் தட்டினார்கள். உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவில் கதவு திறக்கத் தீர்மானம் வேண்டும். ஒருவர் முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் இல்லை. தண்ணீர் படியேறி வந்த சத்தம் கேட்டும் சபை விதியிலிருந்து இம்மியும் நகரவில்லை என்று சொன்னபோது செயலாளரின் குரல் தழுதழுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு இரங்கல் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அவர்கள் நினைவாகத்தான் கடைசி வரிசை இன்றும் காலியாக இருக்கிறது.

வாளி வியாபாரி பாதி காதில்தான் கேட்டார். மகளைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோன பிறகு, மனைவியிடம் பத்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். முடிசூட்டிக்கொள்ள வேறு நாள் கிடைக்காதா என்று அவள் கேட்டிருந்தாள். கிடைக்காது. வாளி விற்றவனை இந்த மண்டபத்தில் ஏறவிடவே இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

கடைசிச் சடங்கு ஒன்று பாக்கி. புதிய தலைவர் மண்டபத்தில் தனியாக அமர்ந்து பொறுப்பின் கனத்தை உணரவேண்டும். மற்றவர்கள் கீழே போய் டீயின் சூட்டை உணர்வார்கள். போன தலைவர் உள்ளே குறட்டை விட்டே உணர்ந்தார் என்று ஜவுளிக்கடைக்காரர் காதோரம் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் வெளியேறினார்கள். தேக்குக் கதவு மூடியது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. சுவிட்சுகள் வெளியேதான் இருந்தன. செயலாளர் சிக்கனமானவர், விளக்கையும் விசிறியையும் அணைத்துவிட்டே போனார்.

ஏசி வைத்தபோது ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். மேலே ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு வழியாகச் சாயங்கால வெளிச்சம் சாம்பல் பூசினாற்போல் இறங்கி, நாற்காலி உறைகளின்மேல் தங்கி, ஒவ்வொரு உறைக்கும் ஒரு தோளும் ஒரு தலையும் இருப்பதுபோலக் காட்டிக்கொண்டிருந்தது. விசிறி நின்ற அமைதியில் எங்கோ சொட்டும் ஒலி. கூடவே வாடை. நனைந்த சாக்கின் வாடை, நாள்பட்ட சேற்றின் வாடை.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க? அவளுக்கு ரத்தம் நிக்கல. அந்த வகை இங்க இருப்பு இல்லையாம். உங்களுது சேரும்னு டாக்டர் சொல்றார். ஓடி வாங்க."

அவர் ஓடினார். கதவைக் கையால் அறைந்தார், தோளால் இடித்தார். படியில் காலடிகள் நிதானமாக ஏறிவந்தன. அவர் கத்திச் சொன்னதும் வெளியே எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அடடா, முதல் பிரசவமா என்று ஒருவர் விசாரித்தார்.

"அதுக்கென்ன தலைவரே, ரெண்டு நிமிஷ வேலை," என்றார் செயலாளர். கதவைத் திறக்க நகைக்கடைக்காரர் உடனே முன்மொழிந்தார். வழிமொழிய ஆள் கேட்டார்கள்.

ஒருவர் இருமினார். இன்னொருவர் டீயை உறிஞ்சினார். அமர்வை நடுவில் கலைத்த பெயர் வந்துவிட்டால் அப்புறம் சபையில் நிமிர முடியுமா என்று யாரோ முணுமுணுத்தார்.

"நான் அடுத்த வருஷம் தலைவருக்கு நிக்கலாம்னு இருக்கேன் அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க," என்றது ஜவுளிக்கடைக்காரரின் குரல்.

"நானே வழிமொழியறேன், திறங்க!"

"பயனடையறவர் வழிமொழிஞ்சா செல்லாது தலைவரே," என்றார் செயலாளர் வருத்தத்தோடு. "அன்னிக்குப் படியில நின்னவங்களும் இதையேதான் கேட்டாங்க."

உள்ளே, வாளி வியாபாரிக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

அவர் திரும்பவில்லை. நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டார். கால்விரல்களுக்கிடையே ஈரம் ஊறியது. கையிலிருந்த போனில் மனைவி அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

இப்படியே நின்றால் டீ ஆறிவிடும் என்று வெளியே ஒருவர் அலுத்துக்கொண்டார். ஜவுளிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அமர்வு முடியும்வரை கதவு மூடியே இருக்கட்டும் என்று முன்மொழிந்தார்.

"வழிமொழிகிறேன்."

உள்ளேயிருந்து. அவருடைய பிடரிக்குப் பக்கத்திலிருந்து. வாய் நிறையத் தண்ணீரோடு.

வெளியே யாரும் யார் குரல் என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்பது மரியாதையல்ல. "ரொம்ப நல்லது," என்றார் செயலாளர். "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

அப்போது வாளி வியாபாரி திரும்பினார்.

கடைசி வரிசையில் கைகள் உயர்ந்தன. பெரிய கைகள், மூட்டை தூக்கிக் காய்த்தவை. வளையல் போட்டவை. மிகச் சின்னவை. அடுத்த வரிசை. அதற்கு முந்தியது. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் முழங்கைக்கு வழிந்தது. ஒரு கை கூடப் பாக்கியில்லை.

அவருடையதைத் தவிர.

அவர் கையைத் தொடையோடு அழுத்திக்கொண்டார். மணிக்கட்டில் ஒரு பிடி விழுந்தது. குளிர்ந்தது. கோபமில்லாதது. மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிடும் பழக்கத்தில், சிரமமே இல்லாமல், அது தூக்கியது. முழங்கை. தோள். நேராக மேலே.

போன் அந்தக் கையில்தான் இருந்தது. தலைக்கு மேலே, இருட்டில், எட்டாத உயரத்திலிருந்து மனைவி கேட்டாள்.

"கிளம்பிட்டீங்களா?"