எழுமலைப் பெட்டிகளோடு வந்தவன்

எட்டாயிரத்து நானூறு ரூபாய். அல் அமீன் பாய் எனக்குத் தர வேண்டிய சுமைக்கூலி அது. ஒரே நாளில் ஏறிய பாக்கி இல்லை. "அடுத்த நடைக்குச் சேத்துத் தாரேண்ணே" என்று சொல்லிச் சொல்லியே ஏறியது.

காஜிமார் தெருவில் குடியிருப்பவர். செல்போன் கடை வைத்துப் பிழைக்கிறார். கையில் நாலு காசு சேர்ந்தால் பழைய வீடியோ கேம், பழைய புத்தகம், பழைய சினிமா சிடி என்று வாங்கிக் குவிப்பார். யாராவது வீட்டில் இதையெல்லாம் மொத்தமாகக் கழிக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும், குட்டியானை வண்டியைப் பேசிவிட்டு எனக்குப் போன் போடுவார். திருவாதவூர் வரைக்கும் போய்த் தூக்கி வந்திருக்கிறேன். காகிதம்தானே என்று நினைப்பவர்கள் ஒரு பெட்டிப் புத்தகத்தை மாடியிலிருந்து இறக்கிப் பார்க்க வேண்டும். சிமெண்டு மூட்டைக்கு அது இளைத்தது இல்லை.

என் பெண்சாதி நாகஜோதியின் தோடு அடகில் இருந்தது. அவள் அம்மா போட்ட தோடு. அந்த மாதக் கடைசிக்குள் திருப்பாவிட்டால் ஏலம்தான் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதனால்தான் எழுமலைக்குப் போகிற நடைக்கு ஒப்புக்கொண்டேன்.

"இந்த நடை முடியட்டும்ணே. மொத்தத்தையும் உங்க கையில வச்சிர்றேன்" என்றார் பாய்.

பருத்திக் காட்டை ஒட்டித் தனியாக நின்றது அந்த வீடு. மாடியில் ஒரே ஓர் அறை. நல்ல வெயில் ஏறிய காலை நேரம். கீழே ஓர் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தது. ஒச்சாயி என்று பெயர். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மாடில கெடக்கு. அம்புட்டையும் எடுத்துட்டுப் போயிருங்க. ஒண்ணுகூட இங்க தங்கக் கூடாது."

"யாரோடதும்மா?" என்று கேட்டேன்.

"என் மயன் சோலையோடது. போன மாசம் செத்துப் போனான்."

கடலை உடைக்கும் சத்தம் நிற்கவில்லை. டப், டப்.

"டிவிக்கு முன்னாடி உக்காந்த மேனிக்கே போயிட்டான். கதவ ஒடச்சுப் பாக்கையில அந்த வெளையாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு." பிறகு சொன்னது: "கெளம்பையில சொல்லிக்கிறாதீக. யாரையும் கூப்புட்டுக்கிட்டும் போகாதீக. பேசாம எறங்கிப் போயிருங்க."

எங்கள் பக்கம் இது தெரிந்ததுதான். சாவு விழுந்த வீட்டில் 'போய்ட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. கூட வந்த ஆளை 'வா, போகலாம்' என்று கூப்பிடவும் கூடாது. கூப்பிட்ட சொல்லுக்கு யார் எழுந்து வருவார்கள் என்று சொல்ல முடியாது. நான் பாயைப் பார்த்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. அதற்குள் பாதிப் படி ஏறியிருந்தார்.

அறைக்குள் அந்துருண்டை நெடி மூக்கைக் குத்தியது. அதற்கு அடியில் வேறொரு வாடை. அடைத்து வைத்த ஈரத் துணி மாதிரி.

மூன்று சுவரிலும் தட்டடித்து அடுக்கியிருந்தது. கேம் கேசட்டுகள், கேம் சிடிகள், சினிமா சிடிகள், மாத நாவல்கள், படக்கதைப் புத்தகங்கள். நாற்பது வயதுக்குமேல் எழுத்துக்கூட்டப் பழகியவன் நான். அட்டையைப் படிக்காமல் ஒரு புத்தகத்தையும் பெட்டியில் வைக்க மாட்டேன். இங்கே அதற்கு மனம் வரவில்லை. எல்லாவற்றின் முதுகும் ஒரே வரிசையில், பல் மாதிரி நின்றன.

பாய் குதித்தார். "அண்ணே, புதையல்ணே இது! இந்தக் கேசட்டுக்கு நான் எத்தன வருசமா நாயா அலையிறேன் தெரியுமா?"

"புதையல்னா அதைக் காக்குறதும் கூட இருக்கும் பாய். சத்தம் போடாமக் கட்டுங்க."

டிவிக்குக் கீழே பழைய கேம் பெட்டி. அதற்கு இரண்டு ரிமோட். ஒன்றில் பொத்தான்கள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. இன்னொன்று வாங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

இரண்டாவதாக ஓர் ஆள் அந்த அறையில் உட்கார்ந்து விளையாடியதே இல்லை.

கடைசிப் பெட்டியை நான்தான் இறக்கினேன். வண்டியில் ஏற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது மேலே பாயின் குரல் கேட்டது. அறைக்கு முதுகைக் காட்டி வாசலில் நின்று செல்போனைப் பார்த்தபடி, உள்ளே நான் இருக்கிறேன் என்று நினைத்துச் சொன்னார்.

"அண்ணே, ஆச்சுல்ல? வாங்க, போவோம்."

இறங்கி வந்தவர் வண்டியடியில் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எப்பண்ணே கீழ வந்தீங்க?"

"நான் வந்து கயிறே கட்டி முடிச்சிட்டேன்."

"உள்ள இருந்து 'ம்'னு சொன்னீங்களே?"

கடலை உடைக்கும் சத்தம் நின்றது.

ஒச்சாயி முதல் தடவையாக நிமிர்ந்தது. எங்களைப் பார்க்கவில்லை. மாடிப்படியைப் பார்த்தது.

படியில் தொம் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து இறங்குகிற மாதிரி.

படியில் யாரும் இல்லை.

அந்த அம்மா நீட்டியிருந்த காலை மடக்கி, முறத்தையும் ஒரு ஓரமாக இழுத்துக்கொண்டது. யாருக்கோ வழிவிடுவதைப் போல.

*

சாமானை இறக்கிய அன்றும் கூலி கைக்கு வரவில்லை. அதன்பிறகு பாயிடமிருந்து போன் இல்லை. நான் அடித்தாலும் எடுக்கவில்லை. மாதக் கடைசி நெருங்கிவிட்டது. நாகஜோதி வாய்திறந்து கேட்கவில்லை. காதில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, நான் சாப்பிடும்போது எதிரே வந்து உட்கார்ந்தாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

ஒருநாள் சாயங்காலம், மண்டியில் லோடு இறக்கியதும் அழுக்குச் சட்டையோடு நேரே காஜிமார் தெருவுக்குப் போனேன். இன்று வாங்காமல் திரும்புவதில்லை என்ற வைராக்கியத்தோடு கதவைத் தட்டினேன்.

பாயின் மனைவி ஜஸீலா கதவைத் திறந்தது. என்னைப் பார்த்ததும் அதன் முகம் வெளுத்துப்போனது.

"அண்ணே..." குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "நீங்க இப்பத்தான மாடிக்கி ஏறிப் போனீங்க?"

"நானா? இப்பத்தான தங்கச்சி வாரேன்."

"எழுமலைலேர்ந்து சாமான் வந்த நாள்லேர்ந்து தெனம் வர்றீங்களே. ஒரு வார்த்த பேசுறதில்ல. டீ குடுத்தா அப்பிடியே ஆடை படிஞ்சு கெடக்கு. எறங்கிப் போறதயும் நான் பாத்ததில்ல. அண்ணனுக்கு மேலுக்கு முடியல, கால்ல கட்டுப் போட்டிருக்குன்னு இவங்க சொன்னாங்க."

"என்ன கட்டு?"

"ரெண்டு கட்டைவெரலையும் சேத்து, வெள்ளத் துணியில..."

சொன்ன பிறகுதான், தான் சொன்னது என்னவென்று அதற்கு உறைத்தது. முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டது.

செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

மாடியிலிருந்து பாயின் சிரிப்பு கேட்டது. "அடிங்கண்ணே! விடாதீங்க! அந்தப் பக்கம் தாவுங்க!"

பொத்தான் அமுக்கும் சத்தம். ஒரு ரிமோட் இல்லை. இரண்டு.

எனக்குத் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் கீழே அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்றது. படியேறினேன். பாதியிலேயே அந்துருண்டை நெடி எதிர்கொண்டது.

அறைக்குள் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. டிவி வெளிச்சம் மட்டும். எழுமலைச் சாமான் அத்தனையும் சுவரோடு அடுக்கியிருந்தது. பாய் அடுக்குகிற மாதிரி இல்லை. அந்த வீட்டில் இருந்த அதே வரிசை. பாய் தரையில் சம்மணம் போட்டு, முதுகை எனக்குக் காட்டி விளையாடிக்கொண்டிருந்தார். நாலைந்து நாள் குளிக்காத உடம்பு.

உறை பிரித்த இன்னொரு ரிமோட், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இருட்டுக்குள் போயிருந்தது. அதன் வயர் மட்டும் தரையிலிருந்து எழும்பி விறைப்பாக நின்றது.

யாரோ மடியில் வைத்துப் பிடித்திருக்கிற மாதிரி.

"பாய்" என்றேன்.

பாய் திரும்பிச் சிரித்தார். "வாங்கண்ணே." அப்புறம் பீரோ பக்கம் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது.

"அப்ப... இது?"

வயர் தளர்ந்து விழுந்தது.

ரிமோட் விழுந்த சத்தம் மட்டும் கேட்கவில்லை.

பாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன். கீழே வந்து ஒச்சாயிக்குப் போன் போட்டோம். பாய் போனை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி நடந்ததைச் சொன்னேன்.

"கூப்புட்டீகளா?" என்றது.

"தெரியாமக் கூப்புட்டாரும்மா."

"பேரச் சொல்லியா?"

"இல்ல. அண்ணேன்னு."

"எந்த அண்ணன?"

"என்னையத்தான்."

அந்தப் பக்கம் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"உசுரோட இருந்த வரைக்கும் ஊருக்குள்ள ஒரு பய எம்மயன வான்னு கூப்புட்டதில்ல. நீங்க கூப்புட்டுட்டீக. இனி அது அந்த அண்ணன் எடத்துலதான் இருக்கும். இங்கிட்டுக் கொண்டாந்துறாதீக. அது நொழையாம இருக்க வாசல்ல முள்ளு வெட்டிப் போட்டுட்டேன்."

போனை வைத்துவிட்டது.

நான் பாயிடம் கேட்டேன். அந்த நேரத்திலும் கேட்டேன். எனக்கு வேறு வழி இல்லை. "பாய், என் கூலியக் குடுங்க. நான் இந்தப் பக்கமே வரல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"நேத்தே குடுத்துட்டேனேண்ணே. எட்டாயிரத்து நானூறு. கைய நீட்டுனீங்க. கை சில்லுனு இருந்துச்சு."

*

யானைக்கல் பாலத்தில் ஓடினேன். வைகையில் ஆகாயத்தாமரை மேல் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. செல்லூரில் என் சந்துக்குள் நுழையும்போது மூச்சு வாங்கியது. நாலு வீடு தள்ளி இருக்கும்போதே நெடி தெரிந்தது.

நாகஜோதி வாசல்படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தாள். காதில் தோடு.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. என்னைப் பார்த்ததும் அது பாதியில் நின்றது.

"என்னய்யா, எப்ப வெளிய போன?"

"தோடு ஏது?"

"ஏதா? அடகுச் சீட்ட எடுத்துட்டுப் போயி நீதான திருப்பிட்டு வந்த? ஒரு வார்த்த பேசாம என் கையில வச்சிட்டு உள்ள போயிப் படுத்துட்ட. சரி, மேலு வலிக்குதாக்கும், கெடக்கட்டும்னு விட்டுட்டேன்." சீப்பு அவள் கையில் நின்றுவிட்டது. "அப்ப உள்ள..."

எங்கள் வீட்டில் உள் அறைக்குக் கதவு கிடையாது. ஒரு சேலையைக் கிழித்துத் திரை போட்டிருந்தோம். அதற்குக் கீழே தரை தெரிந்தது.

கோரைப்பாய் முனையில் இரண்டு பாதம்.

கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது.

அவளுக்கு வாய் திறந்தது. பயத்தில் மனிதர்கள் செய்வதுதான். யாராவது ஒருவரைக் கூப்பிட வேண்டும். என்னையா, உள்ளே இருப்பதையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. 'வா' என்ற சொல் அவள் உதட்டில் வந்துவிட்டது. நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன். பல் என் உள்ளங்கையில் பதிந்தது.

திரை உள்ளிருந்து லேசாக உப்பியது. காத்துக்கொண்டிருந்தது.

தோட்டைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் புரிந்துகொண்டாள். ஒவ்வொரு தோடாகக் கழற்றினாள். இரண்டாவது சுலபத்தில் வரவில்லை. காது மடல் கிழிந்து ரத்தம் வந்தது. இரண்டையும் வாசல்படியில் வைத்தாள். உடுத்திய துணியோடு சந்துக்கு வெளியே வந்தோம். சொல்லிக்கொள்ளவில்லை. ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளவும் இல்லை.

இப்போது அனுப்பானடியில் ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறோம். என்னைக் கூப்பிடும்போது நாகஜோதி முழுப்பெயரைச் சொல்கிறாள். "கருத்தக்கண்ணா." பெண்சாதி புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நேற்று அல் அமீன் பாய் போன் செய்தார். சாமான் எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டாராம். கேசட்டில் ஒன்றுகூட மிச்சம் இல்லையாம். வீட்டில் நெடி போய்விட்டதாம்.

"எங்க வீட்டுல இப்ப ஒண்ணும் இல்லண்ணே. அல்ஹம்துலில்லாஹ்." குரலில் நிம்மதி தெரிந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தப் பணம் எப்பிடியோ உங்க வீட்டுக்கு வந்து சேந்துருச்சுன்னு கேள்விப்பட்டேன். எட்டாயிரத்து நானூறும் சரியாப் போச்சுல்ல? நமக்குள்ள கணக்குத் தீந்துச்சுல்ல?"

கொட்டகையில் நான் மட்டும்தான் இருந்தேன். போனைக் காதில் வைத்தபடி நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

என் பிடரிக்குப் பக்கத்தில்,

"ம்."

"சரிண்ணே, சந்தோசம்" என்று பாய் போனை வைத்தார்.