வலம் வந்த ஓலை

மலையிலிருந்து இறங்கி வந்த களைப்புத் தீர, பொருநை நதி புன்னைக்கோட்டையின் மதிலோரமாக வளைந்து படுத்துக் கிடந்தது. பங்குனி மாலை. மேற்கே சாய்ந்த கதிரவன் கொத்தளங்களின்மீது குங்குமத்தைக் கொட்டிவிட்டு, இறங்க மனமின்றி நின்றான். சுவாமி புறப்பாட்டுக்குக் கோவிலில் மேளம் முழங்கத் தொடங்கியிருந்த அந்த வேளையில், நுரை தள்ளிய குதிரையிலிருந்து குதித்து ஒரு வீரன் மேலைவாசலுக்குள் ஓடிவந்தான். திருவிழா நாளில் வீதிகளில் குதிரை கூடாது என்று காவலர்கள் தடுத்துவிட்டார்கள். அவன் பெயர் விடங்கன். அவன் இடைக்கச்சையில் மீன் முத்திரையிட்ட ஓலை ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் தெற்குவாசல் கொலைக்களத்தில் அதைச் சேர்க்க வேண்டும். அந்த நகரில் அவன் அதற்கு முன் கால் வைத்ததே இல்லை.

மேலைவீதியின் தென்கோடியில் ஒரு தண்ணீர்ப் பந்தல் இருந்தது. அங்கே கொற்றி என்னும் பெண் வருவோர் போவோருக்கெல்லாம் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தாள். அன்பு வாசகர்களே, அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக் கேளுங்கள். அவளுடைய தம்பி ஐயாறன் ஆற்றுவாசல் காவலன். எதிரியின் ஒற்றனுக்கு இரவில் கதவு திறந்துவிட்டான் என்று பாசறையில் எவனோ ஒரு படைவீரன் அடையாளம் காட்ட, இன்று அந்தி முரசு ஓய்ந்ததும் அவன் தலை விழ வேண்டுமென்று தீர்ப்பாகியிருந்தது. உற்றார் கொலைக்களத்தை நெருங்கக் கூடாது. ஆகவே, அவன் உயிருக்காகப் பொழுது சாயும்வரை தாகம் தீர்ப்பதென்று வேண்டிக்கொண்டு நின்றாள் கொற்றி. அடையாளம் காட்டிய அந்த வீரனுக்கு மட்டும் தன் கையால் ஒரு வாய்த் தண்ணீரும் இல்லையென்று சூளுரைத்தும் இருந்தாள்.

"தாயே, கொஞ்சம் தண்ணீர். தெற்குவாசலுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்று கேட்டான் விடங்கன்.

அவன் குனிந்து இரு கைகளையும் ஏந்தியபோது கச்சையிலிருந்த ஓலை அவள் கண்ணில் பட்டது.

"அங்கே என்ன அலுவல், வீரரே?"

"அரச காரியம். வெளியே சொல்லலாகாது."

அரச முத்திரை வராமல் யார் தலையையும் வாங்கலாகாது என்பது அந்நாளைய விதி. அப்படியொரு முத்திரை ஓலை காலையிலேயே வந்துவிட்டதைக் கொற்றி அறியமாட்டாள். இது தாமதித்தால் தம்பி பிழைப்பான் என்று மட்டும் அவள் நெஞ்சு கணக்குப் போட்டது. தண்ணீர் வார்த்த கை நடுங்கவில்லை. பிற்காலத்தில் அவளை மிகவும் வருத்தியது அதுதான்.

உண்மையில் தெற்குவாசல் கூப்பிடு தூரம். தெற்கே திரும்பி மூலையைக் கடந்தால் போதும். ஆனால் புன்னைக்கோட்டையில் யாரும் கோவிலை இடமாகச் சுற்றி நடக்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்குவதற்கும் ஊரை வலம் வருவார்கள் என்று அயலூரார் கேலி செய்வார்கள். அந்த வழக்கம் கொற்றியின் பொய்க்கு நல்ல போர்வையாயிற்று.

"வடக்கே, வலமாகவே போங்கள். யானைக்கொட்டில் இருந்த இடத்தில் உள்வீதிக்குத் திரும்புங்கள்."

"இருந்த இடமா? இப்போது இல்லையா?"

"யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்."

கேட்டான். "கொட்டிலா? அது இடிந்து இருபது வருஷமாச்சே. அதோ முருங்கை நிற்கிறதே, அங்கேதான்" என்றான் ஓர் எண்ணெய் வாணிகன்.

"தெற்குவாசலுக்கு உள்வீதி எதற்கு?" என்றாள் பக்கத்தில் வெற்றிலை விற்றவள்.

"நீ சும்மா இரு. வலமாய்ப் போனால் எல்லாம் வரும்."

"வரும், வரும். நீ பெண் பார்க்கப் போனாயே, போய்ச் சேர்வதற்குள் அவளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது."

சிரிப்புக்கு நின்று கேட்க விடங்கனுக்கு ஏது பொழுது? உள்வீதியில் நான்கு மூலையும் ஒன்றுபோல் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே மாதிரிப் பிள்ளையார், ஒரே மாதிரி விளக்கு. தெற்குச் சந்தின் வாயைப் புறப்பாட்டுக்காகக் கழி கட்டி அடைத்திருந்தார்கள். "மேலைச் சந்து வழியாக வெளியே போங்கள், ஐயா" என்று நல்லெண்ணத்தோடு தள்ளிவிட்டார்கள். அவன் மூச்சிரைக்க வெளியே வந்து நிமிர்ந்தால், எதிரே அதே தண்ணீர்ப் பந்தல்.

அவன் பந்தற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தாயே, சுற்றிச் சுற்றி உங்களிடமே வந்து நிற்கிறேன். நீங்கள் சொன்னதை நான்தான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. இனி மறைத்துப் பயனில்லை. காலையில் வந்த ஓலை ஒருவனைக் கொல்லச் சொன்னது. இது அவனை விடச் சொல்கிறது. ஐயாறன் என்று ஒரு காவலன். அவன் குற்றமற்றவன்."

செம்பு கீழே விழுந்து உருண்டது. மதிலுக்கு மேலே பாதிச் சூரியன்தான் மிச்சமிருந்தது.

கொற்றி பந்தலை விட்டு வெளியே பாய்ந்தாள். அவன் மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு தெற்கே ஓடினாள். பிறந்தது முதல் திரும்பாத திசை அது. மூலையில் தீவட்டிகளும் மேளமும் மக்களும் வெள்ளமாய்ப் பொங்க, தோளுக்கு மேலே சுவாமி எதிரே வந்துகொண்டிருந்தார்.

"அபசாரம். இடமாக ஓடுகிறாளே, யார் வீட்டுப் பெண் இவள்?"

கோலூன்றிய முதியவர் ஒருவர் மறித்தார். "திரும்பிப் போ, பெண்ணே. சுவாமி எதிரே வருகிறார்."

"வரட்டும், ஐயா. அவருக்கு நான் பிறகு பதில் சொல்லிக்கொள்கிறேன்."

கோலை விலக்கிவிட்டு அவள் நுழைந்தாள். பின்னாலேயே விடங்கனும் நுழைந்தான்.

கொலைக்களத்தில் அந்தி முரசு அதிர்ந்துகொண்டிருந்தது. ஐயாறன் கண் கட்டப்பட்டு மண்டியிட்டிருந்தான். முரசு ஓய்வதற்குள் "மன்னர் ஆணை" என்ற விடங்கனின் குரல் களத்தில் விழுந்தது. களத்துக் காவல் தலைவர் ஓலையை வாங்கி விளக்கருகே பிடித்து, ஒரு முறைக்கு இரு முறை வாசித்தார். பிறகு கட்டை அவிழ்க்கச் சைகை காட்டினார்.

"அக்கா, நீ எப்படி இங்கே?" என்று எழுந்து வந்தான் தம்பி. கொற்றிக்கு அவனைத் தொடக் கை எழவில்லை. அவள் வீரனிடம் திரும்பினாள்.

"ஐயா, நீங்கள் வழி தப்பவில்லை. தெரிந்தேதான் தப்பு வழி சொன்னேன். என் தம்பியை நானே கொல்லப் பார்த்தேன்."

விடங்கன் தலைகுனிந்தான். "உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, தாயே. மதிலுக்கு வெளியே நின்று நிலவொளியில் ஒரு முதுகைப் பார்த்துவிட்டு, 'இவன்தான்' என்று கைநீட்டிய சாட்சி நான். மெய்யான குற்றவாளி நேற்றிரவுதான் அகப்பட்டான். என் நாவால் போகவிருந்த உயிரை என் காலால் மீட்கிறேனென்று மன்னரிடம் மன்றாடி இந்த ஓலையை வாங்கி வந்தேன்."

களத்தில் முரசு ஓய்ந்தது.

"மேலைவாசலுக்கு எப்படிப் போக வேண்டும்?" என்றான் விடங்கன், மெல்ல. "உங்களிடம் கேட்கவே எனக்கு நாணமாயிருக்கிறது."

"வலமாகப் போனால் மறுபடி வழி தப்பிவிடும். வாருங்கள், நானே கொண்டுவந்து விடுகிறேன்."

மூவரும் வந்த வழியே நடந்தார்கள். ஊர் பார்த்தது. பந்தலுக்கு வந்ததும், கொற்றி உருண்டு கிடந்த செம்பைத் தேடி எடுத்துப் பானைக்குள் விட்டாள். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. விடங்கன் கை நீட்டவில்லை.

"குடியுங்கள்" என்றாள். "முன்பு அறியாமல் கொடுத்தேன். இப்போது அறிந்தே கொடுக்கிறேன்."

அவன் குனிந்து கைகளை ஏந்தினான். இம்முறை, தண்ணீர் வார்த்த கை நடுங்கிற்று.