பெருங்காயக் குடியுரிமை

புகழேந்தி காலையில் பல் தேய்த்துவிட்டு, வாசல் குழாயில் ஒரு முறை ஊதி, தான் இன்றும் வெளிநாட்டவன் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு வேலைக்குக் கிளம்பினான். செவ்வாய்க் கிரகத்தில் எல்லோரும் செய்வதுதான். நேற்று குடிமகனாக இருந்தவன் இன்றும் அப்படியே இருப்பான் என்று என்ன நிச்சயம்?

செவ்வாய்க்கு முதலில் வந்தவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே கண்ணாடிக் கூட்டுக்குள் ஒற்றுமையாகத்தான் வாழ்ந்தார்கள். பிறகு, பாயசத்தில் ஏலக்காய் போடலாமா கூடாதா என்பதில் கொள்கை வேறுபாடு முற்றி, தென்கூடு, வடகூடு என்று இரண்டு நாடுகள் ஆனார்கள். பிரிந்த பிறகுதான் சிக்கல் புரிந்தது. எதிரி அச்சு அசலாக நம்மைப் போலவே இருந்தான். நம்மைப் போலவே பேசினான். நம்மைப் போலவே கடன் கேட்டான். யாரைச் சந்தேகப்படுவது என்றே தெரியவில்லை.

விஞ்ஞானிகள் கைகொடுத்தார்கள். தென்கூட்டுக் காற்றில் துளி பெருங்காயமும், வடகூட்டுக் காற்றில் துளி ஏலக்காயும் கலந்துவிட்டார்கள். நாட்டைச் சுவாசித்தவனின் நுரையீரலில் நாடு தங்கிவிடும். வீட்டு வாசல் குழாய் முதல் எல்லை வாசல் வரை பொருத்தியிருக்கும் மூச்சுமானி என்ற கருவி அதை முகர்ந்து சொல்லிவிடும். அது தவறே செய்யாது. அப்படித்தான் அதன் நெற்றியில் எழுதியிருந்தது.

இரு நாடுகளுக்கும் நடுவில் எல்லைப் பகுதி. அங்கே ஒரு பாறை இருக்கிறது. மிகவும் ரகசியமான பாறை. வடகூட்டில் அதன் படம் போட்ட நாட்காட்டி வீட்டுக்கு வீடு தொங்குகிறது என்றாலும், தென்கூட்டில் வெளிநாட்டவர் அதைப் பார்க்க அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டைத் தருவது, அதாவது பெரும்பாலும் தராமல் இருப்பது, புகழேந்தியின் வேலை.

அன்று அவனுக்கு மனசு வேலையில் இல்லை. எல்லைப் பகுதியின் அலுவலர் குடியிருப்பில்தான் அவன் வீடு. மாலையில் அவன் மனைவி யாழினிக்கு வளைகாப்பு. முதல் வளையலைக் கணவன் போட வேண்டும் என்பது செவ்வாய் வழக்கம். “இன்னைக்கும் லேட்டா வந்தீங்க, பொறக்கிற புள்ளைக்கு உங்களை யாருன்னே சொல்ல மாட்டேன்” என்று யாழினி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நகரத்து அலுவலகத்திலிருந்து எல்லைப் பகுதிக்குப் போகும் கடைசித் தூசிவண்டி கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன், மங்கையர்க்கரசி அவன் சன்னல் முன்னால் வந்து நின்றார். பூமியில், கோபிசெட்டிபாளையத்தில், வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“காலையில இருந்து உக்காந்திருக்கறனுங்க தம்பி. உங்க கேன்டீன்ல சாம்பார் வடையே மூணு வாட்டி சாப்பிட்டாச்சு. அந்தப் பாறையை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயர்றனுங்க.”

“வருகையின் நோக்கம்?”

“பாறையைப் பாக்கறதுதானுங்க.”

“பாறை இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

“வெளியே போர்டு வெச்சிருக்கீங்களே!”

புகழேந்தி பேச்சை மாற்றினான். “வெளிநாட்டவர் தனியாப் போகக் கூடாது மேடம். கூட ஒருத்தர் இருக்கணும்.”

“நீங்க எந்தப் பக்கமுங்க போறீங்க?”

அந்தப் பக்கம்தான். அவரை மறுத்தால் அதற்கான காரணத்தைப் பதினான்கு பிரிவுகளில் எழுத வேண்டும், வண்டி போய்விடும். தன்னையே துணையாகப் போட்டுச் சீட்டைக் கொடுத்தான்.

வண்டியில் அவனுக்கு இருமல் வந்தது. மங்கையர்க்கரசி பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டினார். பூமிக்காரர்களின் பையை யாரும் சோதிப்பதில்லை. எப்போதும் மாத்திரையும் முறுக்கும்தான் இருக்கும். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டான். பிறந்ததிலிருந்து அறியாத ஒரு வாசனை மூக்கு வரை ஏறியது. நன்றாக இருந்ததால் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிக்கொண்டான்.

எல்லை வாசலில் மூச்சுமானி நின்றது. மங்கையர்க்கரசி ஊதினார். மூன்று தட்டு சாம்பார் வடை பேசியது.

“பெருங்காயம். நம்மவர். வாங்க, சாப்பிட்டாச்சா?” என்றது மூச்சுமானி.

புகழேந்தி ஊதினான்.

“ஏலக்காய்! வடகூடு! மூணு அடி தள்ளி நில்லு!”

“யோவ், நான் புகழேந்தி! தினம் இதே வழியாத்தான்யா போறேன்!”

“எனக்குக் கண் கிடையாது. கண்ணை நம்பித்தான் முன்னாடி ஏமாந்தோம்.”

“அனுமதிச் சீட்டு குடுக்கிற அதிகாரியே நான்தான்!”

“அப்படியானால் சீட்டைக் காட்டு.”

சத்தம் கேட்டு, வாசலை ஒட்டியிருந்த குடியிருப்பிலிருந்து யாழினி வந்தாள். கன்னத்தில் சந்தனம், கையில் வளையல் இல்லை. “என்னங்க இது? சொந்தக்காரங்க எல்லாரும் வந்துட்டாங்க!”

“உள்ள விட மாட்டேங்குது யாழினி. நீ சொல்லு, நான் யாருன்னு.”

“இவர் என் வீட்டுக்காரர்” என்றாள் யாழினி.

“எதிரியோடு தொடர்பு” என்று மூச்சுமானி குறித்துக்கொண்டது.

கடைசியில் விதியில் ஒரு சந்து இருந்தது. குடும்பத்தைச் சாராத குடிமகன் ஒருவர் ஜாமீன் கொடுத்தால், வெளிநாட்டவனை ஒரு மாலை மட்டும் உள்ளே விடலாம். அந்த நேரத்தில் அங்கே இருந்த அப்படிப்பட்ட ஒரே குடிமகன் கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்தவர்.

“அம்மா, உங்க கால்ல வேணா விழுறேன்மா” என்றான் புகழேந்தி.

“அட, எந்திரிங்க தம்பி. பேங்க்ல எத்தனை பேருக்கு ஜாமீன் பாத்திருக்கறேன்!” மங்கையர்க்கரசி மூச்சுமானியின் பக்கம் திரும்பினார். “நல்ல பையனுங்க. எனக்கு ரொம்ப நேரமாத் தெரியும்.”

ஜாமீன்காரரின் கையைப் பிடித்தபடிதான் நடக்க வேண்டும், படம் எடுக்கக் கூடாது, உள்ளூர்ப் பெண்களோடு பேசக் கூடாது என்ற நிபந்தனைகளோடு புகழேந்தி தன் வீட்டுக்குள் நுழைந்தான். ஒரு கையை மங்கையர்க்கரசி பிடித்திருக்க, மறு கையால் முதல் வளையலைப் போட்டான். யாழினி, “பேசக் கூடாதுன்னு சொன்னது மட்டும் நல்ல சட்டம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனுக்குக் கண் கலங்கியது. இனி எந்த வெளிநாட்டவரையும் சன்னலில் காக்க வைப்பதில்லை என்று மனசுக்குள் சத்தியமே செய்தான்.

பிறகு பந்தி. சாம்பார், ரசம், மறுபடி சாம்பார், பெருங்காயம் தூக்கலாக ஒரு டம்ளர் மோர். கை கழுவிவிட்டு, பழக்க தோஷத்தில் வாசல் குழாயில் ஊதினான்.

“நம்மவர்” என்றது குழாய்.

புகழேந்தியின் முதுகு நிமிர்ந்தது. அதிகாரித் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான்.

அதே நேரம், சாப்பாடு ஜீரணமாக ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பாறை பார்க்கக் கிளம்பிய மங்கையர்க்கரசியை, பாறை வேலியின் மூச்சுமானி “ஏலக்காய்!” என்று அலறி நிறுத்தியிருந்தது. புகழேந்தி ஓடினான். பின்னாலேயே யாழினியும் வந்தாள்.

“நல்ல வேளை வந்தீங்க தம்பி. இதுகிட்டக் கொஞ்சம் சொல்லுங்க.”

புகழேந்தி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“ஏங்க, அவங்கதானே உங்களை...” என்று யாழினி ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. இது நாட்டுப் பாதுகாப்பு” என்றவன், மங்கையர்க்கரசியிடம் திரும்பினான். “மூணு அடி தள்ளி நில்லுங்க மேடம். கண்டவங்களையும் இங்க யாரு உள்ள விட்டது?”

மங்கையர்க்கரசிக்குக் கோபமே வரவில்லை. எத்தனையோ கோடி மைல் தாண்டி வந்தவருக்கு, சட்டென்று ஈரோடு சந்திப்பில் நிற்பது போல இருந்தது: முன்பதிவு இல்லாத பெட்டி, அண்ணா அக்கா என்று கெஞ்சி ஏறியவுடன் உள்ளேயிருந்து கதவைத் தாழ் போடுகிற ஒருவன்.

“சொந்த ஊருக்கே வந்துட்ட மாதிரி இருக்குதுங்க தம்பி” என்று மனசாரச் சொல்லிவிட்டு, வெளிநாட்டவர் வரிசை எங்கே என்று விசாரித்தார்.