ஏழு மணி மாத்திரை

எட்டு நோயாளிகள் இருந்த கூட்டத்தில் ஒன்பது அலாரம் அடித்தது.

சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் மாதம் ஒருமுறை மருத்துவமனைப் பின்பக்க ஹாலில் கூடுவார்கள். மாலை ஏழானால் நோயாளிகள் எல்லோருடைய ஃபோனும் ஒன்றாகக் கத்தும். வந்த சிறுநீரகத்தை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க மாத்திரை போடும் நேரம் அது. பேச்சு பாதியில் நிற்கும், தண்ணீர் பாட்டில்கள் திறக்கும். அங்கே கணவரோடு வந்திருந்தாள் ஒருத்தி; அவருக்குள் இருப்பது அவள் கொடுத்த சிறுநீரகம். அவர் விழுங்கி முடிக்கும்வரை அவளுக்கு எச்சில்கூட இறங்காது.

அன்று எட்டு ஃபோன்களும் அடங்கிவிட்டன. ஒன்பதாவது மட்டும் பழைய சைக்கிள் மணிபோல நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. அது டெய்லர் மாஸ்டருடைய அலாரம். இரண்டு தட்டுத் தட்டித்தான் அதை நிறுத்துவார். "ஊருக்கெல்லாம் ஒட்டுப் போட்டேன், கடைசில எனக்கே போட்டுட்டாங்க" என்று சிரிக்கவைப்பார். உடம்புதான் தேறிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியவர், போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த அம்மாளிடம் கேட்டாள். எந்த மணி என்று அந்த அம்மாள் விழித்தாள். எல்லோரும் சொல்லிக்கொண்டு கிளம்பி, கடைசிச் செருப்புச் சத்தமும் தாழ்வாரத்தில் தேய்ந்து, மருந்து வாடையும் குழல்விளக்கின் ரீங்காரமும் மட்டும் மிஞ்சிய பிறகும் அது ஓயவில்லை. நாற்காலிகளுக்கு அடியில் குனிந்து தேடினாள். ஜன்னல் திட்டில் பார்த்தாள். கணவர் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். அவரிடம் நெருங்க நெருங்கச் சத்தம் கூடியது.

அவர் சட்டைப் பையில் கைவிட்டாள். அவருடைய ஃபோன் சும்மா கிடந்தது. அதன் பின்னால் ஒரு கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்தாள். மாத்திரைகள். மேலே இருந்ததில் இன்னும் எச்சில் ஈரம்.

"என்னங்க இது?"

"உனக்கும் கேக்குதா?" அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "மாஸ்டர்தான் வேண்டாம்னார். இனிமே உள்ள இருந்து அவரே பாத்துக்குவாராம்."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் உடம்பை அறுத்துக் கொடுத்தது இதற்கா? மண்டியிட்டாள். அவருடைய அடிவயிற்றில், தழும்பின் மேல், காதை வைத்தாள்.

டிரிங். டிரிங்.

உள்ளே.

தோலுக்கு அடியிலிருந்து அவள் கன்னத்தில் இரண்டு தட்டு. மணி நின்றது.