இரண்டாவது போன்

"ஐயோ, அணைங்க! வண்டியை அணைங்க!"

டீச்சர் போட்ட அலறலில் கராஜின் தகர ஷட்டரே அதிர்ந்தது.

டிரைவர் சீட்டில் இருந்தவள் பதறிப்போய்ப் பட்டனை அழுத்தினாள். கடகடத்த என்ஜின் அடங்கியது. டீச்சர் ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினாள்.

"என்னாச்சு டீச்சர்? என்ஜின் ஓடுதான்னுதானே பார்த்தேன்..."

"இந்தச் சத்தத்துலதான்ம்மா என் வீட்டுக்காரர் போனார்!"

டிரைவர் சீட்டில் இருந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது!

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் அவளைத்தான் தேடுவார்கள். ஒரு கருவியை வண்டியில் சொருகி, அதன் ஜாதகத்தையே புட்டுப் புட்டு வைத்துவிடுவாள். ஊருக்குள் அவள் பெயர், ஸ்கேனர்.

இன்று டீச்சர் வீட்டு கராஜில் அவள் பார்ப்பது ஒரு ப்ளக்-இன் ஹைப்ரிட். பாதி கரண்ட், பாதி பெட்ரோல். சார்ஜ் இருக்கும்வரை பூனை மாதிரி ஓடும். சார்ஜ் தீர்ந்தால்... என்ஜின் தானாக விழித்துக்கொள்ளும்.

"உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

டீச்சர் காலி பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்தாள்.

"அவர் ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர் இன்சார்ஜ். நைட் டூட்டி. காலைல ஏழு மணிக்கு வருவார். பக்கத்துல கட்டட வேலை... டிரில் சத்தம்! வீட்ல தூங்கவே முடியாது. அதனால வண்டியை சார்ஜ்ல போட்டுட்டு, குளிச்சு சாப்பிட்டு, பத்து மணிக்கு ஒயரைக் கழட்டிட்டு வண்டிக்குள்ளயே ஏசி போட்டுத் தூங்குவார். ஷட்டரை இறக்கிடுவார்."

"முழு சார்ஜ் இருந்தா என்ஜின் வராதே?"

"மூணு மாசமா வரலையே! அன்னைக்கு... ரெண்டு மணிக்கு காபியோட எழுப்ப வந்தேன். உள்ளே ஒரே புகை. முகம் சிவந்து, தூங்குற மாதிரியே இருந்தார்ம்மா..."



"போலீஸ்?"

"விபத்துன்னு எழுதி மூடிட்டாங்க. அவரே சார்ஜ் போட மறந்திருப்பாராம். மறக்கலை! ஒயரை மாட்டினதை நான் என் கண்ணால பார்த்தேன்!"

ஸ்கேனர் கருவியைச் சொருகினாள். சார்ஜ் ஏறிய கணக்கை ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கித் தள்ளினாள்.

"தேதி சொல்லுங்க."

டீச்சர் சொன்னாள்.

திரையில் மூன்றே வரிகள்.

காலை 7.05, சார்ஜ் தொடக்கம்.

காலை 7.12, நிறுத்தம். பேட்டரி நான்கு சதவீதம்.

நிறுத்தியது... போன் 2!

ஒயர் மாட்டியபடியேதான் இருந்திருக்கிறது. யாரோ, எங்கிருந்தோ, போனில் இருக்கும் வண்டியின் ஆப் மூலமாகவே சார்ஜை நிறுத்தியிருக்கிறார்கள்! தூக்கக் கலக்கத்தில் வந்த மனுஷன் ஒயரை நம்பிப் படுத்துவிட்டார்.

"டீச்சர்... இந்த வண்டியோட எத்தனை போனை இணைச்சிருந்தீங்க?"

"அவரோடது ஒண்ணுதான்."

'பொய் சொல்கிறாளோ?' ஸ்கேனர் அவள் முகத்தைப் பார்த்தாள். புருஷன் செத்த வண்டி. விற்க வந்த மனைவி. கணக்கு நேராகத்தான் இருந்தது...

ஸ்கேனரின் போன் அலறியது.

வண்டியை வாங்கப் போகிறவர். இன்ஸ்பெக்‌ஷனுக்கு அவளை அனுப்பியதே அவர்தான்.

"என்னம்மா, முடிஞ்சுதா? நான் தெருமுனைக்கு வந்துட்டேன்."

"இன்னும் பாத்துக்கிட்டிருக்கேன் சார்."

"சொன்னேன்ல? பழசு எதுவும் இருக்கக்கூடாது. போன் லிஸ்ட், சார்ஜ் ஹிஸ்டரி எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிடு. வண்டியை நான் பார்த்ததுகூட இல்ல. உன்னை நம்பித்தான் வாங்கறேன்."

போன் வைக்கப்பட்டது.

ஸ்கேனர் நெற்றியைச் சுருக்கினாள். மைலேஜ் கேட்கவில்லை... பேட்டரி கேட்கவில்லை... சார்ஜ் ஹிஸ்டரியை மட்டும் கேட்கிறார்!

ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, உதட்டில் ஒட்டவைத்த சிரிப்பு.

"அழிச்சாச்சா?"

"கடைசியா ஒரு டெஸ்ட் சார். நீங்க டிரைவர் சீட்ல உக்காரணும்."

உட்கார்ந்தார். ஸ்கேனர் வண்டியை உயிர்ப்பித்தாள். தன் போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினாள்.

ட்ரிங்... ட்ரிங்...

மணி அவர் பாக்கெட்டில் மட்டும் அடிக்கவில்லை. காரின் நாலு ஸ்பீக்கரிலும் அடித்தது!

திரையில் எழுத்துகள் மின்னின. 'போன் 2 இணைக்கப்பட்டது.'

வெள்ளைச் சட்டைக்காரரின் முகம் சட்டையைவிட வெளுத்தது.

"பார்த்ததே இல்லைன்னீங்களே சார்? வண்டிக்கு உங்களை நல்லாத் தெரியுதே! ஆப்பை அழிச்சீங்க... ப்ளூடூத்தை மறந்துட்டீங்க!"

அவர் மெதுவாக இறங்கினார். மூலையில் கிடந்த ஜாக்கி ராடை எடுத்துக்கொண்டார். மறு கையால் ஷட்டரை 'தடால்' என்று இறக்கினார்.

"உன் வேலை வண்டியைப் பாக்குறது. என்னைப் பாக்குறது இல்ல!"

"நீதானா?" டீச்சர் எழுந்தாள். "போலி மருந்து சப்ளை பண்ணினது நீதானா? திங்கட்கிழமை புகார் கொடுக்கப் போறேன்னார் என் வீட்டுக்காரர். ஞாயித்துக்கிழமை செத்துட்டார்!"

"மருந்து சரியா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுட்டு வாயை மூடிட்டு இருந்தா, இன்னைக்கும் உயிரோட இருந்திருப்பான்!" பல்லைக் கடித்தார். "நானும் இந்த மாதிரி வண்டி வாங்கப் போறேன்னேன்... வெகுளி! வண்டியிலேயே தூங்குறதையும் சொல்லி, என் போன்லயும் ஆப்பைப் போட்டு சொல்லிக் கொடுத்தான். போன்ல ஒரே ஒரு அழுத்து. கதை முடிஞ்சுது. இப்ப நீங்க ரெண்டு பேரு..."

ராடு உயர்ந்தது.

ஸ்கேனர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

டீச்சர் மட்டும் அசையவில்லை.

"வண்டி விக்கிற விளம்பரத்துல நான் ஒரு வரி சேர்த்தேன். 'பழைய பதிவு எதையும் அழிக்கல'ன்னு. பதினோரு பேர் போன் பண்ணினாங்க. மத்தவங்க எல்லாரும் மைலேஜ் கேட்டாங்க. நீ மட்டும்தான் பதிவைப் பத்திக் கேட்டே!"

"என்ன... சொல்றே?"

"எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. யாரையாவது வெச்சுப் படிச்சாலும் போன் தெரியும்... ஆள் தெரியாதே! படிக்கத் தெரிஞ்சவங்களைக் கூட்டிக்கிட்டு ஆளும் தானா வருவான்னுதான் காத்திருந்தேன்."

கராஜிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவு திறந்தது.

விபத்து என்று எழுதி ஃபைலை மூடிய அதே இன்ஸ்பெக்டர்! கையில் துப்பாக்கி. முகத்தில் அசடு வழிந்தது.

"ராடைக் கீழே போடு! நீ சொன்னதெல்லாம் ரெக்கார்டு ஆயிடுச்சு." டீச்சர் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. ஒரே ஒரு மணி நேரம் வந்து உக்காருங்கன்னு நீங்க கெஞ்சலைன்னா..."

டீச்சர் டிரைவர் சீட்டின் தலைப்பகுதியை ஒரு தடவை தடவினாள். அப்போதுதான் அழுதாள்.

விலங்கு மாட்டப்பட்டது. ஸ்கேனர் தன் கருவியைப் பிடுங்கினாள்.

"வண்டியைச் சாட்சியா எடுத்துட்டுப் போகணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "கண்டிஷன் எப்படிம்மா?"

ஸ்கேனர் மூச்சை இழுத்துவிட்டாள்.

"வண்டி ஜம்முனு இருக்கு சார். வாங்க வந்த ஆள்தான்... டோட்டல் லாஸ்!"