ஒரு சாண் தள்ளி

தூத்துக்குடி பஸ்ஸில் வந்த வாளியை அப்பா கூடத்தில் இறக்கி வைத்தார். உள்ளே கடல்நீர் நிரம்பிய நான்கு பிளாஸ்டிக் பைகள். பைக்கு ஒரு பவளத் துண்டு.

"ஏனுங்க கிளமென்ட், நாலு ஜல்லிக்கல்லுக்கா பஸ் சார்ஜ் குடுத்தீங்க?"

வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர் வீட்டுக்காரர் நஞ்சப்பன். மோட்டார் ஓடினால் சண்டை, கேட்டைச் சாத்தினால் சண்டை. உக்கடத்தில் அந்தத் தெருவே அவரைக் கண்டால் ஒதுங்கிப் போகும்.

"கல்லு இல்லீங்க, உசுரு" என்றாள் பதினோரு வயது ஷைலா. "பஸ்ஸுல குலுங்கி வந்ததுல மூடிக்கிச்சு."

கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி இருந்தது. அதற்காக அப்பா மாதம் ஒரு முறை பொன்னானி வரை போய் கேன்களில் கடல்நீர் கொண்டுவருவார். தொட்டியின் நடுவில் ஷைலாவின் ரோஜா நிறப் பவளம். நகத்தளவு இருந்ததை ஒரு வருடமாக வளர்த்து உள்ளங்கை அளவாக்கியிருந்தாள்.

அப்பா கடிதத்தைப் பிரித்தார். துண்டுகளை அனுப்பிய நண்பர் அந்தோணிராஜ் எழுதியிருந்தார்: 'நாலில் ஒன்று சண்டைக்காரன். பக்கத்தில் எந்தப் பவளம் இருந்தாலும் கை நீட்டிக் கொட்டிக் கொன்றுவிடும். ஒரு சாண் தள்ளி வை. எது எதுவென்று பைக்குள் சீட்டுப் போட்டிருக்கிறேன்.'

சீட்டு இருந்தது. மைப் பேனாவில் எழுதிய காகிதம். கடல்நீரில் ஊறிக் கஞ்சியாகியிருந்தது.

அப்பா தலையில் கை வைத்தார். "கேக்கலாம்னா கடலுக்குப் போயிட்டான், திரும்ப நாலு நாளாகும். பைக்குள்ள இதுக இனி ஒரு மணி நேரங்கூடத் தாங்காது. தொட்டீல ஒரு சாண் தள்ளிக் காலியா இருக்கறது ஒரு மூலைதான். மத்த காலி எடமெல்லாம் உன்ற ரோஜாவுக்குப் பக்கம், கண்ணு."

ஷைலா பைகளை உற்றுப் பார்த்தாள். நான்கும் பழுப்பாக இருந்தன. ஒன்று மட்டும் முள்ளும் முரடுமாக இருந்தது.

"இவந்தான்" என்றார் நஞ்சப்பன். "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

ஷைலாவுக்கு வகுப்பு நினைவுக்கு வந்தது. பாடம் நடக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரி கைகட்டித்தான் உட்கார்ந்திருப்பார்கள். டிபன் டப்பாவைத் திறந்தால்தான் யார் கை எவ்வளவு நீளம் என்று தெரியும்.

"அப்பா, ஒரு எறா வேணும். நாலு பாட்டிலும் வேணும்."

துண்டுகளைக் கடல்நீரோடு தனித்தனிக் கண்ணாடிப் பாட்டில்களில் வைத்தாள். இறாலை நசுக்கி, அந்தச் சாற்றில் ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு விட்டாள். பவளங்கள் இருட்டில்தான் சாப்பிடக் கை நீட்டும். அதனால் ஜமுக்காளத்தை எடுத்து மேலே போர்த்தினாள். டார்ச்சோடு அவளும் உள்ளே நுழைந்தாள். அப்பாவும் நுழைந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க தம்பி" என்று மூன்றாவதாக ஒரு தலை நுழைந்தது. நஞ்சப்பன்.

"ஜல்லிக்கல்லப் பாக்கவாங்க வந்தீங்க?"

"பேசாத அம்மணி. பயந்துக்கப் போகுது."

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முரட்டு முள் மெல்ல விரிந்தது. ஒவ்வொரு முள்ளுக்கு நடுவிலும் மல்லிகை மொட்டு போல ஒரு குட்டிப் பூ. அடுத்த இரண்டும் பொட்டுப் பொட்டாக மலர்ந்தன.

நான்காவது, யாரும் கவனிக்காத நோஞ்சான். அதிலிருந்து வெள்ளை நூல் போல ஒரு கை நீண்டது. இன்னொன்று நீண்டது. நீண்டு நீண்டு பாட்டிலின் கண்ணாடியையே போய்த் தொட்டது.

"அடேங்கப்பா, இந்தப் பொடியனா" என்றார் நஞ்சப்பன்.

"இதத் தூக்கிப் போட்டுறலாமா?" என்றார் அப்பா.

"எதுக்குங்கப்பா? அதான் மூலை இருக்குதில்ல."

நோஞ்சான் மூலைக்குப் போனது. மற்ற மூன்றும் ரோஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன.

மறுநாள் மாலை நஞ்சப்பன் அழைக்காமலே வந்தார். வாளி மூடியைத் துண்டுகளாக நறுக்கி, பென்சிலால் பெயர் எழுதி, தொட்டிக்குள் நட்டிருந்தாள் ஷைலா. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். முரட்டு முள்ளுக்கு 'மல்லி'. அடுத்தவை 'பொட்டு', 'குட்டிப் பொட்டு'. மூலைக்கு வந்ததும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

'வீட்டுக்காரர்' என்று இருந்தது.

ஷைலா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள்.

நஞ்சப்பன் தொட்டியின் மேல் விரலை விரித்துச் சாண் போட்டுப் பார்த்தார். "ஒரு சாண் தள்ளித்தான வெச்சிருக்கற?"

"ஆமாங்க."

"செரி" என்று நாற்காலியைத் தொட்டிக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவனுக்கு எப்ப சோறு போடுவீங்க?"