பச்சை லேண்ட்மாஸ்டரின் பின் சீட்டு

கயல்விழிக்குச் சொந்தமாகக் கார்கள் ஏராளம். ஒரு கான்டெசா, இரண்டு பத்மினி, கூரை இல்லாத ஒரு ஜீப், வெள்ளை அம்பாசடர்கள் கொஞ்சம். ஒன்றில்கூட அவள் ஏறியதில்லை. அது வேறு விஷயம்.

தேவனாம்பட்டினத்துப் பிள்ளைகளின் சட்டம் அப்படி. ஞாயிற்றுக்கிழமையானால் கடற்கரைக்கு ஊர்ப்பட்ட வண்டிகள் வரும். புதுக் கார்களை யாரும் சீந்துவதில்லை. பழைய கார் ஒன்று கண்ணில் பட்டதும் யார் முதலில் "என் வண்டி!" என்று கத்துகிறார்களோ, அது அவர்களுடையது. கார்க்காரரைக் கேட்க வேண்டியதே இல்லை.

இந்த விளையாட்டில் கயலுக்குச் சரியான போட்டி அவளுடைய அத்தை மகன் அருண்பாண்டியன்தான். அவனுக்குக் கண் கூர்மை. வாய் அதைவிடக் கூர்மை. ஒன்றைப் பத்தாக்கிச் சொல்வான், பத்தை நூறாக்குவான்.

அப்பேர்ப்பட்ட இரண்டு பேரும் ஒரே ஒரு காரை மட்டும் தொடாமல் விட்டுவைத்திருந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அது சவுக்குத் தோப்பு ஓரமாக நின்றது. கரும்பச்சை நிறம், உருண்டை முதுகு. பெயர் லேண்ட்மாஸ்டர். அம்பாசடருக்கும் முன்னால் வந்த கார் என்று அப்பாவின் செல்போனில் தேடிக் கயல் கண்டுபிடித்திருந்தாள். லேசில் பார்க்கக் கிடைக்காத கார். ஆளில்லாமல் தனியாக நின்றது அவர்களைத் தயங்கவைத்தது; இல்லாவிட்டால் அதற்காக ஒரு குத்துச்சண்டையே நடந்திருக்கும்.

"சிதம்பரத்து நடனசபாபதி சாரோட வண்டியாம்" என்றாள் கயல். "வழியில நின்னுபோச்சாம். மெக்கானிக்கக் கூட்டியாரேன்னு பஸ் ஏறிப் போயிட்டாராம். அப்பா சொன்னாரு."

அருண் குரலைத் தாழ்த்தினான். "அவுரு எறங்கிப் போனத நானும் பாத்தேன் கயலு. ஆனா பின் சீட்டுல இன்னொருத்தரு இருந்தாரே, அவுரு எறங்கவே இல்ல."

"பொய்!"

"சத்தியமா. வேணும்னா நீயே போய்ப் பாரு."

கயல் போய்ப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் விரலைச் சூப்பியபடி நின்றிருந்த ராஜ்கமல் மட்டும் அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு சத்யப்பிரியா சித்தியின் மகன் அவன். நாலு வயது.

இரண்டு நாள் கழித்துப் புயல் வருகிறது என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். படகுகளை எல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். மத்தியானமே பொழுது சாய்ந்ததுபோல் இருட்டிக்கொண்டு வந்தது. அம்மா மெழுகுவத்தி வாங்கிவரச் சொல்ல, கயலும் அருணும் கடைக்குப் போய்விட்டுத் தோப்பு வழியாகத் திரும்பினார்கள்.

சவுக்கு மரங்கள் 'உஸ்... உஸ்...' என்று சத்தம் போட்டன. பச்சைக் கார் நனைந்துகொண்டு நின்றது. அதன் கண்ணாடிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"அது ஏன் வெள்ளையா இருக்கு?" என்றாள் கயல்.

"மழைத்தண்ணிதான். வா, போலாம்."

கயல் கிட்டே போய்த் துப்பட்டா முனையால் கண்ணாடியைத் துடைத்தாள். மழைத்துளி போனது. வெள்ளை போகவில்லை. அழுத்தித் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. வெள்ளை உள்பக்கம் இருந்தது.

அப்புறம், அந்த வெள்ளையில், உள்ளே இருந்து ஐந்து விரல்கள் மெல்லப் பதிந்தன. ஒரு உள்ளங்கை பதிந்தது. பதிந்த கை அப்படியே கீழே வழுக்கிக்கொண்டு போனது.

"ஐயோ அம்மா!" என்று அருண் எடுத்தான் ஓட்டம். கயலும் ஓடினாள். மெழுகுவத்தி எங்கே விழுந்ததென்று இரண்டு பேருக்குமே தெரியாது.

தெருவுக்குள் நுழைந்தால் அங்கே வேறு கலவரம். சத்யப்பிரியா சித்தி செருப்புகூட இல்லாமல் மழையில் ஓடிவந்தாள்.

"என் புள்ளைய பாத்தீங்களா? கமலு வூட்டுல இல்ல! தெருவுல எங்கயுமே இல்ல!"

"அலை பாக்கப் போயிருப்பானோ?" என்று யாரோ கேட்டார்கள்.

அவ்வளவுதான். மொத்தத் தெருவும் கடற்கரைக்கு ஓடியது. கடலோரத்து ஊரில் பிள்ளையைக் காணோம் என்றால் முதலில் கடலைத்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா?

அலை ஒவ்வொன்றும் பனைமர உயரம் எழும்பி விழுந்தது. கயலின் அப்பா பாண்டியன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "மறு முனைய கெட்டியா புடிங்க. நான் எறங்கிப் பாக்கறேன்" என்றார்.

அந்த அலையில் இறங்கினால் என்ன ஆகும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கயலுக்கும் தெரியும்.  அழக்கூட முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. மழை நாளில் பள்ளிக்கூட பஸ்ஸில் ஜன்னலைச் சாத்திவிட்டால் கண்ணாடி இப்படித்தான் வெளுத்துப் போகும். எல்லோரும் விடுகிற மூச்சு அது. அதில் அவள் பெயர்கூட எழுதியிருக்கிறாள்.

பேய்க்கு ஏது மூச்சு?

அவள் அருணின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நெசமா சொல்லு. பின் சீட்டுல யாரப் பாத்த?"

அருண் தலையைக் குனிந்துகொண்டான். "யாருமே இல்ல கயலு. சும்மா அளந்து வுட்டேன்."

யாருமே இல்லையென்றால் அந்தக் கை யாருடையது? அதுவும், இப்போது நினைத்தால், எவ்வளவு சின்னக் கை!

"அப்பா!" என்று கத்தினாள். காற்று அவள் குரலை விழுங்கிவிட்டது.

"கமலு அந்தக் காருக்குள்ளதான் இருக்கான்! நீ போய் அப்பாவ நிறுத்து. எறங்க வுடாத!" என்று அருணிடம் சொல்லிவிட்டுக் கயல் தோப்பைப் பார்த்து ஓடினாள்.

காருக்குப் பக்கத்தில் வந்ததும் கால் ஓடவில்லை. கண்ணாடியில் இருந்த கைத்தடத்தை இப்போது காணோம். ஒருவேளை தப்பாக நினைத்துவிட்டோமோ? திரும்பிவிடலாமா? 

"கமலு?"

பதில் இல்லை. விரலை மடக்கிக் கதவில் ஒரு தட்டு தட்டினாள்.

உள்ளேயிருந்து ஒரு தட்டு கேட்டது.

கயலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் இரண்டு தட்டு தட்டினாள். உள்ளேயும் இரண்டு தட்டு.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். கதவு அசையவில்லை. காரில் ஒரு காலை உதைத்துக்கொண்டு முழு பலத்தோடு இழுத்தாள். கிரீச்சென்று கதவு திறந்துகொண்டது.

பின் சீட்டுக்குக் கீழே, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தான் ராஜ்கமல்.

"அக்கா, நீ ஏன் என்னப் பாத்து ஓடிப்போன?" என்று விம்மினான்.

கயலுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது. அவனைத் தூக்கிக்கொண்டாள். "இங்க எதுக்குடா வந்த?"

"பின் சீட்டு மாமாவுக்குப் பசிக்கும்ல? பிஸ்கட் குடுக்க வந்தேன். காத்து டம்முனு கதவ சாத்திடுச்சி. உள்ள புடியே இல்ல."

"பாக்கெட்டுல பாதியக் காணோமே?"

"மாமா வரவே இல்ல. நானே சாப்ட்டேன்."

அங்கே கரையில் அருண் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தான். "மாமா, எறங்காதீங்க! கமலு காருக்குள்ள இருக்கான்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவன் சொல்வதை யார் நம்புவார்கள்? "சும்மா இருடா, இதுல போய் வெளையாடிக்கிட்டு!" என்று அதட்டினார்கள். பார்த்தான். பாண்டியனின் காலை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மணலில் படுத்துவிட்டான். பாண்டியன் உதறினார். நண்டுப்பிடி, விடுவானா?

"கமலு வந்துட்டான்! கமலு வந்துட்டான்!"

கூட்டம் திரும்பிப் பார்த்தது. கயல் மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ராஜ்கமல்.

சத்யப்பிரியா சித்தி ஓடிவந்து மகனைப் பிடுங்கிக்கொண்டாள். முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பாண்டியன் ஈர மணலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"தனியாவா போன? பயமா இல்லியா?"

"ரொம்ப பயமா இருந்துச்சிப்பா. ஆனா உள்ள இருக்கறவங்களுக்கு என்னவுட ஜாஸ்தி பயமா இருக்கும்ல?"

 பாண்டியன் இடுப்புக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். எத்தனையோ வலையின் சிக்கலைப் பிரித்த விரல்கள் அவை. முடிச்சு அவிழவில்லை.

கயல்தான் குனிந்து அவிழ்த்துவிட்டாள்.